பாவாயியின் இரண்டு விரல்கள்

கழுத்தில் ஐந்தாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வு பிதுங்கினால், கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டின் தொடுவுணர்வும் அதே ஊரில் வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே என்றால் நடுவிரல். அதற்கும் கீழே என்றால் மோதிர விரலும் சுண்டுவிரலும். சவ்வு பிதுங்கிய வலி மட்டும் உரியவரிடமே தங்கிவிடும். அது கழுத்தில் கிளம்பி, தோள்பட்டையின் பின்பக்கமாக இறங்கி, முழங்கையில் சற்று நின்று, விரல் நுனிவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

பாவாயிக்கு அது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நடந்தது. ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். முட்டைக் கிடங்கில் விளக்குப் பெட்டியின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் ஓட்டை மேல் முட்டையை வைத்துத் திருப்பினால் உள்ளே சூரியன் உதித்தது போல ஆகும். கீறல் இருந்தால் தலைமுடி விழுந்தது போலத் தெரியும். கண்ணுக்குத் தப்பும் கீறல் விரலுக்குத் தப்பாது. பதினெட்டு வருடமாக அவள் குனிந்த கழுத்தோடு அதைத்தான் செய்துவந்தாள். அன்று ஒரு முட்டை அவள் கையிலேயே உடைந்தது. மஞ்சள் கரு மணிக்கட்டுக்கு வழிந்து வந்த பிறகுதான் உடைந்ததே அவளுக்குத் தெரிந்தது.

பக்கத்துப் பெட்டியில் இருந்த ருக்கு எட்டிப் பார்த்தாள். "போயிருச்சாக்கா?"

"போயிருச்சு."

"எந்த விரலு?"

பாவாயி இரண்டையும் தூக்கிக் காட்டினாள். "கட்டைவிரலும் போச்சா? சரியாப் போச்சு போ," என்று சொல்லிவிட்டு ருக்கு தன் முட்டையைத் திருப்பினாள்.

முட்டைத் தொழில் நடக்கும் ஊர் என்பதால் அங்கே இது வழக்கமாக நடப்பதுதான். கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி கொஞ்சம் அடங்கும். எட்டரை மணிப் பேருந்தில் பாதிப் பேர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தலைமேல் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். பாவாயியும் மறுநாளிலிருந்து அப்படி வந்தாள். கழுத்தில் பட்டை கட்டியிருந்ததால் வணக்கம் சொல்கிறவர்களுக்குத் தலையசைக்க முடியவில்லை. கண்ணை மூடித் திறந்தாள்.

முதலாளி நல்லவர். அவளை விளக்குப் பெட்டியிலிருந்து எழுப்பி, காலி அட்டைகளை அடுக்கும் இடத்தில் உட்காரவைத்தார். "புரட்டாசில யாரும் முட்டை திங்க மாட்டாங்க. அதுவரைக்கும் சமாளிக்கலாம். ஐப்பசி பொறந்தா லாரி வரிசையா நிக்கும். அப்ப உங்கிட்ட விரல் இருக்கோணும் பாவாயி. இல்லாட்டி அந்தப் பெட்டியில வேற ஆளைத்தான் உக்கார வெப்பேன்," என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு அட்டையை எடுத்துச் சரியாக இருந்த அடுக்கைத் திரும்ப அடுக்கினார்.

உணர்வு யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ அவர்தான் வந்து சொல்ல வேண்டும். அதுதான் முறை. பகல் நேரத்தில் வந்து, வாசலுக்கு வெளியே நின்று, "இன்னதைத் தொட்டீர்கள்" என்று சொல்வார். வீட்டுக்காரர் ஆமாம் என்று சொல்லி மோர் கொடுப்பார். ஒருமுறை வந்தால் போதும். பாவாயி தெருமுனைச் சுவரில் ஒரு தாள் ஒட்டிவைத்தாள். வலது கை, இரண்டு விரல், முட்டைக் கிடங்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்வீடு என்று அதில் ருக்குவின் கையெழுத்தில் இருந்தது.

யாரும் வரவில்லை. ஆனாலும் எங்கோ ஒருவர் இருக்கிறார் என்பது நிச்சயம். பாவாயி சூடான பாத்திரத்தை இடது கையால் தூக்கப் பழகினாள். மிளகாய் கிள்ளுவதை விட்டாள். சாணிப் பக்கெட்டைக் கழுவும்போது அந்த இரண்டு விரல்களையும் மடக்கிக்கொண்டாள். கணவர் இறந்து ஒன்பது வருடம், மகள் ஓசூரில் என்று தனியாக இருந்தவளுக்கு, யாரோ கூடவே இருப்பது போல அது இருந்தது. சில சமயம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, பெட்டியிலிருந்த பட்டுப்புடவையை எடுத்து அதன் மடிப்பில் விரல்களை வைத்துக்கொள்வாள். அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிய வேண்டியவருக்குத் தெரியட்டும் என்று வைத்திருப்பாள்.

இருபத்து மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சென்னியப்பன் வந்தார். தீவன ஆலையின் எடைமேடையில் லாரிகளுக்கு எடை போடுகிறவர். ஐம்பத்திரண்டு வயது. எடைமேடைக்குப் பின்னாலிருந்த அறையில் தனியாக இருந்தார். சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, பெண் பார்க்க வந்தவர் போல வாசலுக்கு வெளியே நின்றார்.

"ஏனுங்க, விரல் எங்கிட்ட வந்திருக்குதுங்க."

"அப்படீங்களா."

"நேத்துப் பூனையத் தொட்டீங்களாட்ட இருக்குதுங்க."

பாவாயி பூனையைத் தொடவில்லை. அவளிடம் பூனை இல்லை. நேற்று முழுக்க அட்டைதான் அடுக்கினாள். சென்னியப்பனின் சட்டைக் காலரில் இஸ்திரிப்பெட்டி தவறிப்போன ஒரு சின்னச் சுருக்கம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "ஆமாங்க, தொட்டேன்," என்றாள்.

அவர் மோரை நின்றபடியே குடித்தார். எவர்சில்வர் டம்ளர். விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கும். குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டு, தானே அதை அலசிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் பாவாயி கதவைச் சாத்திக்கொண்டு ருக்குவின் வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு சாம்பல் நிறப் பூனை உண்டு. அதை மடியில் வைத்து, உணர்வில்லாத இரண்டு விரல்களால் காதுக்குப் பின்னால் தடவினாள்.

"என்னக்கா, பொழுதோட வந்து பூனையக் கொஞ்சறே? வீட்டுல எலி தொல்லையா?"

"சும்மாதான்."

ஒருவர் வாசலில் நின்று சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது. கொஞ்சம் தாமதமானாலும் அது உண்மையாகிவிட்டால் போதும் என்று அவள் நினைத்தாள்.

ஒருமுறை வந்தால் போதும் என்பது சென்னியப்பனுக்கும் தெரியும். ஆனால் மறுநாளும் ஆறு மணிக்கு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அன்றன்றைக்கு ஒன்று சொல்வார். ஈர மணல் என்றார். அவர் போனதும் அவள் வீடு கட்டுகிற இடத்துக்குப் போய் ஈர மணலில் விரல்களைப் புதைத்தாள். வாழையிலையின் அடிப்பக்கம் என்றார். பழைய ரேடியோவின் திருகு என்றார். அதற்கு அவள் பேருந்து நிலையம் வரை நடந்து, ரிப்பேர் கடைக்காரரிடம் கேட்டுத் தொட்டுவிட்டு வந்தாள். கடைக்காரர் எந்த ஸ்டேஷன் வேண்டும் என்று கேட்டார். எந்த ஸ்டேஷனும் வேண்டாம் என்றாள்.

ஒரு சனிக்கிழமை சென்னியப்பன் வெகுநேரம் யோசித்தார். மோர் பாதி குடித்த பிறகும் சொல்லவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "யானைங்க," என்றார்.

"ஆமாங்க," என்றாள் பாவாயி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேருந்து மாறி, யானை இருக்கிற கோயிலுக்குப் போனாள். கழுத்துப் பட்டையோடு வரிசையில் நின்று தும்பிக்கையைத் தொட்டாள். அவள் எதையும் உணரவில்லை. யானை மட்டும் அவளை ஒரு மாதிரி பார்த்தது. கோயிலில் கூட்டமா என்று மகள் போனில் கேட்டபோது, கூட்டம்தான் என்றாள்.

ருக்கு சும்மா இருக்கவில்லை. "அந்த எடைமேடைக்காரர் தினமும் வர்றாப்லயாமா? நீ எத்தனை டன்னு இருக்கேன்னு பாக்க வர்றாரா?" என்று அட்டை அடுக்கும் இடத்துக்கு வந்து கேட்டாள்.

"விரல் அவருகிட்ட இருக்குது. வர்றாரு."

"இருக்குதா?"

பாவாயி அட்டையைத் தட்டி நேராக்கினாள். "இருக்குதுன்னு சொல்றாரு."

ருக்கு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாத்துக்கக்கா. ஐப்பசி வந்துரும்," என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கழுத்தை எடுத்த படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முட்டையைப் பார்ப்பது போலவே பார்த்ததால் பாவாயிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சுத்தியலால் மணிக்கட்டில் தட்டினார். பஞ்சால் தடவித் தெரிகிறதா என்று கேட்டார். ஊசியால் விரலில் குத்தித் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை.

"பிடிமானமும் குறைஞ்சிருக்கும்மா. தள்ளிப்போட வேண்டாம். கழுத்தோட முன்பக்கமாப் போய் அந்தச் சவ்வை எடுத்துட்டு, அங்க ஒரு சின்னப் பெட்டி வெச்சிருவோம். ஆடி கடைசி வெள்ளி. ஒன்பதாம் கவுண்டர்ல பதிவு பண்ணிருங்க."

ஒன்பதாம் கவுண்டரில் இருந்தவர் படிவத்திலுள்ள விதியை வாசித்துக் காட்டினார். அது அவர் வேலை. உணர்வு யாரிடம் சேர்ந்திருக்கிறதோ அவர் அறுவைச் சிகிச்சையின்போது பக்கத்துக் கட்டிலில் படுக்க வேண்டும். ஒருவர் பெயரைத்தான் எழுதலாம். ஒருமுறைதான் எழுதலாம். ஆள் மாறி எழுதினால் விரல் மரத்தது மரத்ததுதான். வாசித்துவிட்டு, "வியாழக்கிழமைக்குள்ள குடுங்க," என்று படிவத்தைத் தள்ளினார்.

பாவாயி அதை நான்காக மடித்துக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். சென்னியப்பனிடம் கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் ஐந்தரை மணிக்கு நினைப்பாள். என்னிடம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால், பிறகு ஆறு மணிக்கு அவர் வருவதற்குக் காரணம் இருக்காது. இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவர் பெயரை எழுத வேண்டும். விரல் போய்விடும். விளக்குப் பெட்டி போய்விடும். இரண்டையும் மாறி மாறி நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆறு மணி ஆகிவிடும். அவர் வந்து, "இன்னைக்குப் புளியங்கொழுந்துங்க," என்பார்.

புதன்கிழமை ஆறு மணிக்குச் சென்னியப்பன் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, வாசலுக்கு வெளியே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து நின்றார். தோளில் தோல் பை. விசில் கழுத்தில் தொங்கியது.

"தண்ணீர்த் தொட்டிக்குப் பின்வீடு இதுதானுங்களாக்கா? மாதேஸ்வரனுங்க. டவுன் பஸ்ல கண்டக்டர். உங்க விரலு எங்கிட்ட வந்து நாப்பது நாளாச்சு. லீவு கெடைக்கலைங்க."

பாவாயி எழுந்து நின்றாள். கை தானாகத் தலைமேல் போயிற்று.

"தப்பா நெனைக்காதீங்க, எனக்கு ஆத்தமாட்டாமத்தான் வந்தேன்," என்றார் மாதேஸ்வரன். "மொதல்ல எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பட்டு மாதிரி என்னமோ. தூக்கம் தூக்கமா வரும். அப்புறம் பாருங்க, ஒரு நாள் பூனை. டிக்கெட் கிழிக்கிறேன், விரல்ல பூனை. சரின்னு விட்டேன். மறுநாள் ஈர மணலு. அதுக்கடுத்து வாழையெலை, அதும் அடிப்பக்கம். ரேடியோத் திருகு. அந்த ஞாயித்துக்கிழமை என்னத்தைத்தான் தொட்டீங்க? சொரசொரன்னு இருந்துச்சு, முடி குத்துச்சு, புஸ்ஸுன்னு மூச்சு விட்டுச்சு. வண்டிய நிறுத்திக் கையக் கழுவிட்டு வந்தேன்."

"யானைங்க," என்றாள் பாவாயி.

"அதானே. ஒரு நாள் பஞ்சால தடவிட்டு யாரோ ஊசியால குத்துனாங்க. நான் போட்ட சத்தத்துல நாலு பேரு ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாலயே எறங்கிட்டாங்க. நேத்துப் புளியங்கொழுந்து."

சென்னியப்பன் டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொன்றாக மாதேஸ்வரன் சொல்லச் சொல்ல, லாரி ஏறும்போது எடைமேடை இறங்குவது போல அவர் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. பூனை, மணல், வாழையிலை என்று வரிசை மாறாமல், இந்த வாசலில் தான் சொன்ன எல்லாமே வந்தன.

"இதெல்லாம்கூடப் பரவால்லைங்க்கா," என்றார் கண்டக்டர். "அந்த டம்ளரை மட்டும் கொஞ்சம் பாருங்க. தினமும் ஆறரை மணி ஆனா ஒரு டம்ளர் வருது. எவர்சில்வர். ஓரத்துல ஒரு நசுங்கலு. கழுவி வெச்ச டம்ளர்தான், ஈரமா இருக்கும். அதை எடுத்து ஓரத்தைச் சுத்திச் சுத்தித் தடவுறீங்க. பத்து நிமிசம், கால் மணி நேரம். அந்த நேரத்துல ஸ்டாண்டுல கூட்டம் நெரியும். நான் பாட்டுக்கு எங்கியோ பாத்துட்டு நிக்கறேன். ஆளுங்க பூராம் என்னைய ஒரு மாதிரி பாக்கறாங்க."

சென்னியப்பன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். விளிம்பில் நசுங்கல் இருந்தது. மிச்சமிருந்த மோரை அவர் குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

பாவாயி உள்ளே போய் வேறு டம்ளரில் மாதேஸ்வரனுக்கு மோர் கொண்டுவந்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பெருங்காயம் சேர்த்தது நன்றாக இருக்கிறது என்றார். வியாழக்கிழமை காலையில் ஒன்பதாம் கவுண்டருக்கு வருவதாகச் சொல்லி, விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

சென்னியப்பன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "அந்த யானைக்கு எத்தனை தூரம் போனீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு பஸ்ஸுங்க."

"நான் எறும்புன்னு சொல்லியிருக்கலாம்," என்றார்.

"எறும்பு கடிச்சா கண்டக்டருக்குத்தானே வலிக்கும்," என்றாள் பாவாயி. அவர் சிரித்தாரா என்று அவள் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

மறுநாள் காலை மூன்று பேரும் ஒன்பதாம் கவுண்டரில் நின்றார்கள். பாவாயியால் பேனாவைப் பிடிக்க முடியாததால் சென்னியப்பன் எழுத உட்கார்ந்தார். அவள் பெயர், வயது, எந்த எலும்புகளுக்கு நடுவே என்பதையெல்லாம் எடைச் சீட்டு எழுதும் கையெழுத்தில் எழுதினார். உணர்வு சேர்ந்தவர் பெயர் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

"உங்க பேரையே எழுதுங்க," என்றாள் பாவாயி, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"ஐப்பசில லாரி வருங்க."

"வரட்டும். அட்டை அடுக்கிட்டு இருந்துக்கறேன்."

சென்னியப்பன் அவளுடைய இரண்டு விரல்களையும் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, "மாதேஸ்வரன், உங்க முழுப் பேரு சொல்லுங்க," என்றார். கண்டக்டர் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார். அவர் அதை எழுத்துக் கூட்டி, நிதானமாக, ஒரு புள்ளிகூட விடாமல் எழுதினார்.

படிவத்தின் கீழே உடன் இருப்பவர் பெயர் என்று ஒரு வரி இருந்தது. அங்கே யாரையும் கேட்காமல் தன் பெயரை எழுதினார். அடுத்த கட்டம் உறவுமுறை. அதில் பேனாவை வைத்துக் கொஞ்சம் யோசித்து, ஆறு மணி என்று எழுதினார்.

கவுண்டரில் இருந்தவர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். உறவுமுறையில் விரலை வைத்தார். "காலையா, மாலையா?"

"மாலைங்க."

அவர் அதற்கு முன்னால் மாலை என்று சேர்த்து எழுதி, முத்திரை குத்தினார்.

வெள்ளிக்கிழமை அறுவைச் சிகிச்சை ஒன்றரை மணி நேரம் நடந்தது. பாவாயி கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் மாதேஸ்வரன் ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார். தோல் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்துக் கிழித்துப் பார்த்தார். இன்னொன்றையும் கிழித்துப் பார்த்தார். "வெறும் காகிதந்தானுங்க," என்று திருப்தியாகச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு, மூன்றே கால் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டார். கதவருகே போனவர் திரும்பி நின்றார். "அந்தப் பட்டு மாதிரி இருந்துச்சே, அது பட்டேதானுங்களாக்கா?" என்று கேட்டார். பாவாயி கண்ணை மூடித் திறந்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினார்.

சாயங்காலம் சென்னியப்பன் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அன்று ஆறு மணிக்கு வாசல் இல்லை, மோர் இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்திருந்தார். பாவாயி வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அவர் மணிக்கட்டின் மேல் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. ரோமம் தட்டுப்பட்டது. அதற்குக் கீழே நாடி, மெல்லிய ஓட்டுக்குள் ஏதோ அசைவது போல, ஒரே சீராக அடித்தது. கீறல் எதுவும் இல்லை. அவள் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

தொண்டை கட்டியிருந்தது. இரண்டு மூன்று நாள் குரல் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காற்றாகத்தான் பேச்சு வந்தது.

"என்ன தொடறேன், சொல்லுங்க."

சென்னியப்பன் கண்ணை மூடினார். வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார்.

"கதவுங்க," என்றார். "பச்சைக் கலரு. ரயில்வே கேட் தாண்டி மூணாவது வீடு. ரெண்டு பேருக்குத் தாராளமா இருக்கும். பெயிண்ட் அடிச்சு இன்னும் காயல."

பாவாயி விரல்களை எடுத்துப் பார்த்தாள். இரண்டு நுனியிலும் பச்சை ஒட்டியிருந்தது.

மருந்து கொடுக்க வந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தாள். போகவில்லை. "ஆயில் பெயிண்ட். மண்ணெண்ணெய்லதான் போகும், வார்டுல இருக்காது," என்றாள். பிறகு கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பேனாவை எடுத்தாள்.

"வீட்டுக்கு அனுப்பற சீட்டுக்கு விலாசம் வேணும். கதவு எண் என்னங்க?"

"நம்பர் இன்னும் எழுதலைங்க," என்றார் சென்னியப்பன். "பெயிண்ட் காயோணும்."

நர்ஸ் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு, தெருப் பெயரைக் கேட்டாள்.